புழுவுக்குக் காத்திருந்த தூரிகை

சனிக்கிழமை காலையில் ஓவிய வகுப்பு. மாலையில் கராத்தே பயிற்சி. இடையில் முடிக்கவேண்டிய அறிவியல் செயல்திட்டம். மூன்றையும் விரும்பிச் செய்யும் மாணவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களிடம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் எதில்தான் தேறுவாய்?” ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருக்கக்கூடாது என்பது அவர்களின் கவலை.

அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. பள்ளிப் பருவம் முடிந்து வேலைக்குச் சென்ற பிறகு இந்தக் கேள்வி இன்னும் கடுமையாகிறது. பூச்சியியல் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுவதும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவர், மாலையில் தூரிகையையோ கராத்தே சீருடையையோ எடுக்க வேண்டுமென்றால் உடலும் மனமும் ஒத்துழைக்க வேண்டும். பலர் சில மாதங்களிலேயே ஒன்றைக் கைவிட்டுவிடுகின்றனர்.

பூச்சி ஆராய்ச்சி, ஓவியம், வருமானத்துக்கான தொழில், குடும்பம் ஆகிய நான்கையும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சுமந்த ஒரு பெண், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வாழ்ந்தார். அவர் பெயர் மரியா சிபில்லா மேரியான். அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. ஆயினும், புழு எவ்வாறு வண்ணத்துப்பூச்சியாகிறது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். இத்தனை வேலைகளையும் அவர் எவ்வாறு ஒன்றுசேர்த்தார்? அதற்காக எவற்றை இழந்தார்?

பட்டுப்புழுவில் தொடங்கிய ஆர்வம்

மரியா 1647ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை செப்புத் தகடுகளில் படங்களைச் செதுக்கி அச்சிடும் கலைஞர், நூல் பதிப்பாளர். மரியாவுக்கு மூன்று வயதானபோது தந்தை காலமானார். அடுத்த ஆண்டு தாயார் யாக்கோப் மாரெல் என்ற ஓவியரை மறுமணம் செய்துகொண்டார். பூக்களை வரைவதில் பெயர்பெற்ற மாரெல், சிறுமி மரியாவுக்கும் வண்ணம் குழைக்கவும் தூரிகை பிடிக்கவும் கற்றுத்தந்தார்.

அக்காலத்துப் பூ ஓவியங்களில் ஒரு வண்டோ வண்ணத்துப்பூச்சியோ அழகுக்காக வரையப்படுவது வழக்கம். பெரும்பாலான ஓவியர்களுக்கு அது வெறும் அலங்காரம். மரியாவுக்கோ அது ஒரு கேள்வியாயிற்று. இந்தப் பூச்சி எங்கிருந்து வருகிறது?

1660ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதில், அவர் பட்டுப்புழுக்களை வளர்க்கத் தொடங்கினார். முட்டை பொரிந்து புழுவாவதையும், புழு தோலுரித்து வளர்வதையும், தன்னைச் சுற்றிக் கூடு கட்டுவதையும், கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வெளிவருவதையும் வரிசையாகக் கவனித்துக் குறித்துவைத்தார். பிறகு, மற்றப் புழுக்களிலிருந்து இன்னும் அழகான பூச்சிகள் வருவதைக் கண்டார். அதனால் கண்ணில் பட்ட புழுக்களையெல்லாம் சேகரித்து வளர்க்க முற்பட்டார்.

இன்று தொடக்கப்பள்ளி மாணவர்கூட வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைச் சொல்லிவிடுவார். அன்று நிலைமை வேறு. சேற்றிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் பூச்சிகள் தாமாகவே தோன்றுகின்றன என்று கற்றவர்களில் பலரும் நம்பினர். மூடிய பாத்திரத்திலுள்ள இறைச்சியில் புழுக்கள் தோன்றுவதில்லை என்பதை இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடி சோதனைமூலம் காட்டி நூல் வெளியிட்டது 1668ஆம் ஆண்டில்தான். மரியா தம் பட்டுப்புழுக்களைக் கவனிக்கத் தொடங்கியது அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு.

ஒரு வீட்டில் பல தொழில்கள்

1665ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், யோஹான் கிராஃப் என்ற ஓவியரை மரியா மணந்தார். மூத்த மகள் யோஹன்னா 1668இல் பிறந்தாள். 1670ஆம் ஆண்டு குடும்பம் நியூரம்பெர்க் நகரில் குடியேறியது. இளைய மகள் டொரொத்தியா 1678இல் பிறந்தாள்.

வீட்டுச் செலவுக்கு மரியாவின் வருமானமும் தேவைப்பட்டது. அந்நகரில் எண்ணெய் வண்ணங்களால் ஓவியம் தீட்டி விற்கும் உரிமை, சங்கத்தில் உறுப்பினரான ஆண் ஓவியர்களுக்கே இருந்தது. ஆகவே, பெண்களுக்குத் தடையில்லாத வழிகளை மரியா தேர்ந்தெடுத்தார். நீர்வண்ணங்களால் வரைந்தார். பூத்தையலுக்கு ஏற்ற மலர் வடிவங்களை நூலாக்கினார். 1675 முதல் 1680 வரை மூன்று பகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. நகரத்து இளம்பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார். வண்ணங்களையும் விற்றார்.

இத்தனைக்கும் நடுவில் புழுக்கள் இருந்தன. அவற்றை அவர் சிறு பெட்டிகளில் வளர்த்தார். புழு வளர்ப்பை விடுமுறை நாளுக்கென ஒத்திவைக்க முடியாது. ஒவ்வோர் இனத்துக்கும் அதற்குரிய செடியின் இலை வேண்டும். அதுவும் நாள்தோறும் புதிதாக வேண்டும். தவறான இலையைக் கொடுத்தால் புழு பட்டினி கிடந்து மடியும். கூட்டுப்புழுவோ எப்போது வெடித்துப் பூச்சி வெளிவரும் என்று சொல்லமுடியாது. சில வாரங்களில் வரலாம். குளிர்காலம் முழுவதும் உறங்கிவிட்டு அடுத்த ஆண்டும் வரலாம்.

இந்தக் காத்திருப்பின் பயனாக 1679ஆம் ஆண்டு மரியாவின் முதல் பூச்சியியல் நூல் வெளிவந்தது. கம்பளிப்புழுக்களின் வியப்பூட்டும் மாற்றத்தையும் அவற்றின் உணவையும் பற்றிய அந்நூலில் ஐம்பது ஓவியத் தகடுகள் இருந்தன. மேலும் ஐம்பது தகடுகளுடன் இரண்டாம் பகுதி 1683இல் வந்தது. அறிஞர்கள் இலத்தீன் மொழியில் எழுதிய காலத்தில் அவர் இவற்றைத் தம் தாய்மொழியான ஜெர்மன் மொழியில் எழுதினார். பள்ளி சென்று இலத்தீன் படிக்காதவர்களும் அவற்றைப் படிக்க முடிந்தது.

தூரிகையே ஆய்வுக் கருவி

மரியாவின் நாள்களை மேலோட்டமாகப் பார்த்தால், ஓவியம் ஒருபுறமும் ஆராய்ச்சி மறுபுறமும் அவருடைய நேரத்தைப் பங்குபோட்டதாகத் தோன்றும். உண்மையில் நடந்தது வேறு. அவருடைய ஆராய்ச்சியே ஓவியத்தின் வழியாகத்தான் நடந்தது.

ஒளிப்படக் கருவி இல்லாத காலம் அது. உயிருள்ள புழுவின் நிறம் தோலுரிக்கும்போது மாறக்கூடும். இறந்துவிட்டாலோ நிறம் விரைவில் மங்கிவிடும். எனவே, கண்டதை உடனே வரைந்தாக வேண்டும். மரியா பதப்படுத்திய தோல் துண்டுகளில் ஒவ்வொரு நிலையையும் சிறிய அளவில் வண்ணத்தில் வரைந்துகொண்டார். எந்தச் செடியை உண்டது, எப்போது கூட்டுப்புழுவானது, எப்போது வெளிவந்தது என்ற குறிப்புகளையும் சேர்த்தார். அந்தக் குறிப்பேடு இன்றும் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பாதுகாக்கப்படுகிறது.

ஒரு புழுவை வரையும் கை, அதன் கால்களை எண்ணாமல் வரைய முடியாது. எந்த வளையத்தில் மயிர் அடர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் புள்ளி தொடங்குகிறது என்பதையெல்லாம் கவனித்தே தூரிகையை வைக்க வேண்டும். பார்த்துவிட்டேன் என்று சொல்வது எளிது. பார்த்ததை வரைந்து காட்டுவது கடினம். அதனால் ஓவியப் பயிற்சி மரியாவின் கண்ணைக் கூர்மையாக்கியது. பூச்சிகளை உயிரோட்டத்துடன் வரைய வேண்டும் என்பதற்காகவே ஓவியத்தில் மேலும் பயிற்சி பெற்றதாக அவர் பின்னாளில் தம் நூலின் முன்னுரையில் குறிப்பிட்டார். மற்றவர்களோடு கூடிப் பொழுதுபோக்குவதைக் குறைத்துக்கொண்டதாகவும் அதில் எழுதியுள்ளார்.

அவருடைய படங்களின் அமைப்பும் புதியது. பிறர் பூச்சிகளைத் தனித்தனியாக, ஊசியில் குத்திவைத்ததுபோல வரைந்தனர். மரியாவோ முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுவளர்ச்சி பெற்ற பூச்சி ஆகிய நிலைகளை ஒரே படத்தில், அந்தப் புழு உண்ணும் செடியின்மீது வரைந்தார். இலையில் புழு கடித்த ஓட்டைகளும் படத்தில் இருந்தன. ஒரு செடியும் ஓர் உயிரும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை ஒரே பார்வையில் காட்டிய படங்கள் அவை.

எதிர்பாராத செய்திகளையும் அவர் மறைக்கவில்லை. சில நேரங்களில் கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறிய ஈக்களும் குளவிகளும் வெளிவந்தன. இவை வேறு பூச்சிகளின் உடலில் வளரும் ஒட்டுண்ணிகள் என்பது இன்று நமக்குத் தெரியும். மரியாவுக்கு அதன் காரணம் முழுமையாகத் தெரியவில்லை. ஆயினும், தாம் கண்டதைக் கண்டபடியே குறித்துவைத்தார்.

விட்டுச் சென்றவை

எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற மரியாவால் முடியவில்லை. அவருடைய மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1685ஆம் ஆண்டளவில் அவர் கணவரைப் பிரிந்து, தம் தாயாருடனும் இரு மகள்களுடனும் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதிக்குச் சென்றார். அங்கு எளிய வாழ்வை வலியுறுத்திய ஒரு கிறிஸ்துவச் சமயக் குழுவினருடன் சில ஆண்டுகள் தங்கினார். அங்கும் அவர் சுற்றுப்புறத்து உயிரினங்களைக் கவனிப்பதை விடவில்லை.

1691ஆம் ஆண்டு மரியா தம் மகள்களுடன் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்தார். துறைமுக நகரான அங்கு, தொலைதூர நாடுகளிலிருந்து வந்த பொருள்கள் குவிந்திருந்தன. செல்வந்தர்களும் அறிஞர்களும் தங்கள் வீடுகளில் பதப்படுத்திய பூச்சிகளைக் காட்சிக்கு வைத்திருந்தனர். அவற்றைக் கண்டு மரியா வியந்தார். அதே சமயம், ஒரு குறையையும் உணர்ந்தார். அந்தப் பூச்சிகள் எந்தச் செடியில் பிறந்தன? எப்படிப்பட்ட புழுவாக இருந்தன? பெட்டியில் கிடந்த பூச்சிகளால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. விடை அவை வாழும் காட்டில்தான் இருந்தது.

அந்தக் காடு தென்னமெரிக்காவின் சூரினாமில் இருந்தது. அப்போது அது டச்சுக்காரர்களின் குடியேற்ற நாடு. அங்குச் செல்லக் கப்பலில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மரியாவுக்கு அப்போது வயது 52. அந்தக் காலத்தில் அது முதுமைப் பருவம்.

செலவுக்கு வழி? இங்கும் ஓவியமே கைகொடுத்தது. 1699ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்முடைய 255 ஓவியங்களை அவர் விற்பனைக்கு விட்டார். பல ஆண்டு உழைப்பு பயணச் செலவாக மாறியது. திரும்பி வருவோமா என்ற உறுதி இல்லாததால், புறப்படுவதற்கு முன் உயிலும் எழுதிவைத்தார். இருபத்தொரு வயது இளைய மகள் டொரொத்தியாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவ்வாண்டின் நடுப்பகுதியில் கப்பலேறினார்.

சர்க்கரையைத் தேடாத பயணி

சூரினாமில் அன்று கரும்புத் தோட்டங்களே எல்லாமாக இருந்தன. அங்குச் சென்ற ஐரோப்பியர்கள் சர்க்கரையால் கிடைக்கும் பணத்தையே எண்ணினர். சர்க்கரையைத் தவிர வேறொன்றைத் தேடி வந்த தம்மை அவர்கள் கேலி செய்ததாக மரியா எழுதியுள்ளார்.

மரியாவும் மகளும் அடர்ந்த காடுகளிலும் தோட்டங்களிலும் புழுக்களைத் தேடினர். கண்டெடுத்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றுக்குரிய இலைகளைக் கொடுத்து வளர்த்து, உருமாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் வரைந்தனர். பழக்கமில்லாத வெப்பமும் ஈரமும் அவர்களை வாட்டின. நியூரம்பெர்க் வீட்டில் செய்த அதே வேலைதான். ஆனால், இடமும் செடிகளும் புழுக்களும் முற்றிலும் புதியவை.

அவர் வரைந்த செடிகள் பல நமக்குப் பழக்கமானவை. அன்னாசி, கொய்யா, வாழை, மரவள்ளி, மிளகாய் ஆகியவை அந்தப் படங்களில் உள்ளன. நம் வட்டாரப் பூங்காக்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயிற்கொன்றையும் அவற்றில் ஒன்று.

அந்த மயிற்கொன்றைப் படத்துக்கு அருகில் மரியா எழுதிய குறிப்பு, பூச்சியைப் பற்றியது மட்டுமன்று. டச்சு முதலாளிகளிடம் அடிமைகளாக இருந்த பழங்குடிப் பெண்களும் ஆப்பிரிக்கப் பெண்களும் பட்ட துன்பத்தையும் அவர் அதில் பதிவுசெய்தார். அடிமைகளிடமிருந்து தாமே நேரில் கேட்டறிந்ததாகவும் எழுதினார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மரியாவுக்குக் காட்டில் பாதை வெட்டிக் கொடுத்தவர்களும், செடிகளை வேரோடு தோண்டி வந்தவர்களும், புழுக்களைத் தேடித் தந்தவர்களும் அந்த அடிமை மக்களே. செடிகளின் பயன்களைச் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே. அவர்களுடைய உதவியை மரியா தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். ஆனால், அவர்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை. கொடுமையைக் கண்டு எழுதியவரே அந்தக் கட்டாய உழைப்பைத் தாமும் பயன்படுத்திக்கொண்டார். ஒருவரது சாதனையைப் போற்றும்போது, அதைத் தாங்கி நின்ற பெயரில்லாத கைகளையும் நினைத்துப்பார்க்க வேண்டும்.

சூரினாமில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில் மரியா கடுமையாக நோயுற்றார். அது மலேரியாவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த நாட்டு வெப்பத்துக்குத் தம் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்திருக்கும் என்று அவர் பின்னர் எழுதினார். 1701ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஓவியங்களோடும் பதப்படுத்திய உயிரினங்களோடும் அவர் ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பப் புறப்பட்டார்.

நூலும் அதில் நேர்ந்த பிழையும்

திரும்பி வந்ததும் ஓய்வெடுக்க வழியில்லை. கொண்டுவந்த உயிரினங்களில் ஒரு பகுதியை விற்றுப் பணம் ஈட்டினார். தம் படங்களைச் செப்புத் தகடுகளில் செதுக்கத் தேர்ந்த கலைஞர்களை அமர்த்தினார். அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். உயர்ந்த தாள் வாங்க வேண்டும். நூலை வாங்குவோரை முன்கூட்டியே தேடிப் பிடிக்க வேண்டும். அனைத்தையும் அவரே செய்தார். 1705ஆம் ஆண்டு, சூரினாம் பூச்சிகளின் உருமாற்றத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் டச்சு மொழியிலும் இலத்தீன் மொழியிலும் வெளிவந்தது. அதில் அறுபது தகடுகள் இருந்தன.

அந்த நூலில் எல்லாம் சரியாக இருந்தன என்று சொல்லிவிட முடியாது. நீண்ட தலையுடைய ஒருவகைப் பூச்சி இரவில் விளக்குப்போல ஒளிர்வதாக மரியா எழுதினார். பிற்கால ஆய்வாளர்கள் எவரும் அந்தப் பூச்சி ஒளிர்வதை உறுதிசெய்யவில்லை. அது பிழை என்றே இன்று கருதப்படுகிறது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் நடந்தது. கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி சிறு பறவை ஒன்றைப் பிடித்திருக்கும் காட்சியை மரியா வரைந்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் சிலர் அதை நம்ப மறுத்தனர். ‘சிலந்தியாவது பறவையைப் பிடிப்பதாவது!’ என்பது அவர்களின் எண்ணம். அந்த ஒரு படத்தைக் காட்டி அவருடைய மற்றப் படங்களையும் ஐயப்பட்டனர். பின்னர், அமேசான் காடுகளில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், சிறு பறவைகளைப் பிடித்த சிலந்தியைத் தாம் நேரில் கண்டதாக 1863ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் எழுதினார். மரியா இறந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவருடைய படத்துக்குச் சான்று கிடைத்தது.

ஒரே நூலில் ஒரு பிழையும் இருந்தது. பிறர் பிழை என்று தவறாக நினைத்த உண்மையும் இருந்தது. இரண்டையும் பிரித்தறிய உதவியது மீண்டும் மீண்டும் உற்றுநோக்கும் முயற்சியே. மரியா பதின்மூன்று வயதில் பட்டுப்புழுவின் முன் அமர்ந்து செய்ததும் அதுதான்.

அவருக்குப் பின்

1715ஆம் ஆண்டு மரியாவைப் பக்கவாதம் தாக்கியது. 1717ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 13ஆம் நாள் அவர் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். பெருநூலை வெளியிட்டும் அவர் செல்வம் சேர்க்கவில்லை. கம்பளிப்புழு நூலின் மூன்றாம் பகுதியை அதே ஆண்டு மகள் டொரொத்தியா வெளியிட்டார். அதே ஆண்டில் ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டருக்காக மரியாவின் ஓவியங்கள் பல வாங்கப்பட்டன. டொரொத்தியாவும் தம் கணவருடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று ஓவியப் பணியாற்றினார்.

உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிடும் முறையை உருவாக்கிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ், மரியாவின் படங்களையும் தம் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொண்டார். 1990களில் ஜெர்மனியில் புழங்கிய 500 மார்க் பணத்தாளில் மரியாவின் உருவம் அச்சிடப்பட்டது. ஓவியச் சங்கம் சேர்த்துக்கொள்ளாத பெண்ணின் முகம், நாட்டின் பணத்தாளில் இடம்பெற்றது.

சமநிலை என்பது என்ன?

பல வேலைகளைச் சமநிலையோடு செய்வது என்றால், கால அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம் என்று சமமாக ஒதுக்குவது என்று பலர் நினைக்கின்றனர். மரியாவின் வாழ்க்கை அப்படி அமையவில்லை. பூச்சி கூட்டிலிருந்து வெளிவரும் நாளில் மற்ற வேலைகள் காத்திருந்தன. பணம் தேவைப்பட்டபோது ஆராய்ச்சி காத்திருந்தது. ஆனால், ஓவியம் ஆராய்ச்சிக்குக் கண்ணைக் கொடுத்தது. செலவுக்குப் பணத்தையும் கொடுத்தது. ஆராய்ச்சியோ அவருடைய ஓவியத்துக்கு வேறு எவரிடமும் இல்லாத பொருளைக் கொடுத்தது. ஒன்று மற்றொன்றுக்குத் துணைநின்றதால்தான் இரண்டும் நிலைத்தன.

எல்லா விருப்பங்களும் இவ்வளவு எளிதாக இணைந்துவிடுவதில்லை. பூச்சி ஆய்வாளர் ஒருவர் கராத்தே பழகினால், அவரால் கொசு முட்டைகளை விரைவாக எண்ண முடியும் என்று சொல்ல இயலாது. இருப்பினும், கராத்தேயில் ‘கட்டா’ எனப்படும் அசைவுத் தொடரை நூறு முறை, ஆயிரம் முறை செய்து பழகியவருக்கு ஒன்று தெரியும். நேற்றுச் செய்த அதே அசைவை இன்று செய்யும்போது, நேற்றுப் புலப்படாத ஒரு தவறு புலப்படும். அதே புழுவை மறுபடியும் வரைந்த மரியாவுக்கும் அது தெரிந்திருந்தது. அலுப்பில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமையை ஒரு துறையில் கற்றவர், அதை இன்னொரு துறைக்கும் எடுத்துச் செல்லலாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் சொன்னது எல்லாத் துறைக்கும் பொருந்தும்.

இழப்பையும் மறந்துவிடக்கூடாது. மரியா நண்பர்களோடு கழிக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார். பல ஆண்டு உழைத்து வரைந்த ஓவியங்களை விற்றார். உடல்நலத்தை இழந்தார். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டே எதையும் விடாமல் வாழ அவராலும் முடியவில்லை. எதை விடலாம், எதை விடவே கூடாது என்பதை அவர் தெரிந்துவைத்திருந்தார்.

“எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் எதில்தான் தேறுவாய்?” என்று வீட்டில் கேட்கும்போது, அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. ஓவிய வகுப்பு, கராத்தே பயிற்சி, அறிவியல் செயல்திட்டம் ஆகிய மூன்றையும் எழுதிவைத்து, எது எதற்குத் துணைசெய்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். எதற்காக எதைக் குறைத்துக்கொள்ள மனம் ஒப்புகிறது என்றும் எழுதிப்பார்க்கலாம். அந்தப் பட்டியலைப் பெற்றோரிடம் காட்டி அமைதியாகப் பேசினால், கேள்வி கேட்டவர்களும் உடன் அமர்ந்து விடை தேட முன்வருவார்கள்.

கலந்துரையாடுக

1. மரியா மேரியானின் ஓவியத் திறன் அவருடைய பூச்சி ஆராய்ச்சிக்கு எந்தெந்த வகைகளில் உதவியது?

2. சூரினாமில் அடிமை மக்கள் செய்த உதவியை மரியா குறிப்பிட்டார். அவர்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை. இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

3. ஒரு நூலில் ஒரு பிழை இருந்தால், அந்நூல் முழுவதையும் நம்பாமல் விட்டுவிடலாமா? சிலந்திப் படத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

4. நீங்கள் விரும்பிச் செய்யும் இரண்டு செயல்களைக் குறிப்பிடுக. ஒன்று மற்றொன்றுக்கு எவ்வாறு துணைசெய்கிறது? அவற்றுக்காக எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்?